தீர்வையும் போரும் கொழுந்துக் கூடையும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கசப்பு முற்றிய காலங்கள் உண்டு. 1987ஆம் ஆண்டில் வந்திறங்கி 1990இல் திரும்பிய இந்தியப் படையின் கதை அவற்றுள் ஒன்று. அது தனியே ஆராயத்தக்கது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு பூசல்; புன்னகையோடு நடைபெறும் பூசல். "உன் சரக்கு என் சந்தையில் மலிந்துவிட்டது" என்று ஒரு நாடு முறையிடும், "உன் சரக்கை விடவா?" என்று மற்றது திருப்பிக் கேட்கும். உலக யுத்தத்தைப் பற்றிய பேச்சு எழுமாயின், தன் பங்கே பெரிது என்று ஒவ்வொன்றும் சரித்திரம் சொல்லும். பின்னர் இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தும்.

அந்தத் தேநீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே நம் கட்டுரை. சுங்கக் கணக்கு, யுத்தச் சரித்திரம் என்ற இந்த இரண்டு ஏடுகளையும் விரித்துப் படிப்பதற்குக் கண்டி மாநகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. இரண்டிலும் கொழுந்து பறித்த கைக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. மூன்றாவது ஏடொன்றைத் திறந்தது இலக்கியம். அந்த ஏடு எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிடுவது விமர்சனத்தின் கடமை.

முதலில் சுங்க ஏட்டைப் பார்ப்போம். கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தை, 1823ஆம் ஆண்டை, மலையக மக்கள் தம் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கின்றனர். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. பயிர் மாறிற்று, உழைத்த மக்கள் மாறவில்லை.

1933ஆம் ஆண்டில் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலை உற்பத்தியாளர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சர்வதேச உடன்படிக்கை செய்துகொண்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் போட்டியாளர். ஆனால் இரு நாட்டுத் தோட்டங்களிலும் மேலோங்கி நின்றது பிரிட்டிஷ் மூலதனம். இரு தேயிலையும் ஏலம் போனது லண்டன் மிஞ்சிங் லேனில். ஒரு சட்டையின் இரண்டு பைகளுக்குள் நடந்த போட்டி அது. விலை வீழ்ந்தபோதெல்லாம் குறைக்கப்பட்டது கூலி.

சுதந்திரத்தின் பின் அந்தப் போட்டி தேசியப் போட்டியாயிற்று. 1965ஆம் ஆண்டில் இலங்கை முதன்முறையாக இந்தியாவை விஞ்சி உலகின் முதன்மைத் தேயிலை ஏற்றுமதி நாடாயிற்று. 1998 டிசம்பர் 28ஆம் நாள் கையொப்பமாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையிலும் தேயிலைக்குத் தனி வேலி இடப்பட்டது: சலுகைத் தீர்வையில் இந்தியாவுக்குள் செல்லக்கூடிய இலங்கைத் தேயிலை ஆண்டுக்கு 1 கோடியே 50 இலட்சம் கிலோ மட்டுமே. மிளகின் கதையும் அத்தகையதே. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத்தோட்டங்களில் கொடியேறும் மிளகு இந்தியச் சந்தையை நம்பியிருப்பது. இலங்கை வழியாக வேற்று நாட்டு மிளகும் வருகிறது என்று கேரள விவசாயிகள் குரலெழுப்பினர். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. இரு கரையிலும் சிறு விவசாயியின் அச்சம் நியாயமானதே. அவனுடைய மிளகைப் பற்றியேனும் இரு அரசுகளும் வாதாடுகின்றன. தேயிலை பறிப்பவளைப் பற்றிய வாதம் எந்த வர்த்தக உடன்படிக்கையில் இருக்கிறது?

இனி யுத்த ஏடு. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின் மீதும், 9ஆம் நாள் திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்கா போர்க்கூடமாயிற்று. பர்மா எல்லையில் இம்பாலிலும் கொஹிமாவிலும் நடந்த போர்களுக்கு மேற்பார்வை இங்கிருந்து சென்றது. இலங்கையின் சரித்திரம் இதைப் பெருமையோடு சொல்கிறது. இந்தியாவின் சரித்திரம் அதே போர்க்களத்தின் மறுபக்கத்தைப் பெருமையோடு சொல்கிறது: நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் இம்பாலை நோக்கி நடந்த கதை.

இந்த இரண்டு பெருமைகளுக்கும் அடியில் ஒரே மக்கள் இருப்பதை எந்தப் பெருமையும் சொல்வதில்லை. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பெண்மக்களும் நேதாஜியின் படையில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுடைய உறவினரில் எண்ணற்றோர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு யப்பானியரால் இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். அதே காலத்தில், மலாயாவை இழந்த நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மை நாடு இலங்கையாயிற்று. மரம் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வடிக்க ஆணை பிறந்தது. வடித்த கைகளிற் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கைகள். திருச்சி, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஒரே கிராமத்திலிருந்து பிரிந்து சென்ற இரு கிளைகளை யுத்தம் எதிரெதிர் அணிகளில் நிறுத்தியது. அவர்களில் எவரும் அந்த அணியைத் தாமே தேர்ந்தவரென்று சொல்ல முடியுமா? மலாயாவில் படையில் சேர்ந்தவர் ஓரளவு தேர்ந்தனர்; தண்டவாளம் இட்டவரும் பால் வடித்தவரும் தேரவில்லை.

கண்டியில் ஒரு யுத்த மயானம் உண்டு. அங்கே பிரிட்டிஷார், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர் எனப் பல நாட்டவரின் கல்லறைகள் ஏறத்தாழ 200 உள்ளன. புல் வெட்டி, கல் துடைத்து, அழகாகப் பேணப்படுகின்றன. அது நன்று, இறந்தவனுக்கு மரியாதை செய்வது மனித நாகரிகம். அந்த மரியாதை மலைச்சரிவில் தேயிலைச் செடியின் அடியில் புதைந்தவனுக்கு ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

வர்த்தகமும் யுத்தமும் தனித்தனிச் சங்கதிகளென எண்ணுவது பிழை. 1939ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலிகளை நீக்க முற்பட்டது. நேரு வந்து பேசியும் பயனில்லை. ஆகஸ்டு முதல் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்தியா தடை செய்தது. சரக்குக்குத் தீர்வை விதிப்பதுபோல் மனிதருக்குத் தடை! இரு நாட்டு உறவைப் பேச 1940 நவம்பரில் டில்லியில் கூடிய மாநாடு, இலங்கையிலுள்ள இந்தியரின் அந்தஸ்து என்ற கேள்வியில் முறிந்தது. 1941இல் கொழும்பில் எட்டிய இணக்கமும் நிறைவேறவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த சட்டங்களும் வாக்களித்த அம்மக்களையே நாடற்றவராக்கின. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பிறந்தது. 9,75,000 பேர் மேசைமீது வைக்கப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த எச்சமும் சரிபாதியாக வெட்டப்பட்டது. இலங்கைக்கு நால்வர் என்றால் இந்தியாவுக்கு எழுவர் என்ற இவ்விகிதத்தைப் பற்றி அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை. மூட்டை கணக்கில் தேயிலையைப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உலகத் தேயிலைச் சந்தையில் இலங்கை முதலிடம் பெற்ற ஆண்டு, பறித்தவரைப் பிரித்த ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அவ்வாறு அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கண்டி மலையில் "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் "சிலோன்காரர்" ஆயினர். அக்காள் கண்டியில் பறிக்கும் கொழுந்தும் தங்கை நீலகிரியில் பறிக்கும் கொழுந்தும் உலகச் சந்தையில் போட்டியிடுகின்றன. நட்பு நாடுகளின் போட்டி என்று பத்திரிகைகள் வர்ணிப்பதன் உள்ளுறை இதுதான்.

இலக்கியம் இதை எப்படிக் கண்டது? தமிழகத்துக் கிராமத்தானின் வாயில் இலங்கைத் தீவு முழுவதுமே "கண்டிச் சீமை"தான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்ன பொய்யை மலையகம் இன்றும் மறக்கவில்லை. அந்தச் சீமையை உரைநடையில் வலுவாகக் காட்டிய ஆரம்பப் படைப்பு புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி". 1935இல் வெளிவந்தது. அதன் பெருமை எங்கே இருக்கிறது? துன்பத்தின் ஊற்றைத் தோட்டத்தில் தேடாமல் திருநெல்வேலிக் கிராமத்தின் சாதிக்கொடுமையிலும் நிலவுடைமையிலும் அது தேடியது. துரையை மட்டும் குற்றவாளியாக்கித் தன் நாட்டு ஜமீந்தாரைத் தப்பவிடும் வசதியான தேசபக்தி அதில் இல்லை. ஆயினும் அதன் எல்லையும் தெளிவு. இந்தியக் கரையில் நின்று அழுகுரல் கேட்பவனின் கலை அது. தொழிலாளி அதில் வதைபடுகிறாள்; எதிர்த்துக் கூடுவதில்லை. இலங்கையில் வாழ்ந்தறிந்த கோகிலம் சுப்பையா 1964இல் தந்த "தூரத்துப் பச்சை" ஒரு பெண்ணின் வாழ்வைத் தொடர்ந்து தோட்டத்தின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கிறது. அது இரக்கத்தைத் தாண்டி அறிவைத் தருகிறது.

சி. வி. வேலுப்பிள்ளையின் இடம் வேறு. 1914இல் பூண்டுலோயாவின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற ஏழு பேரில் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் தம் மக்கள் வாக்கிழந்ததைக் கண்டவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் எழுந்தது; சக்தீ பாலையா அதைத் தமிழாக்கினார். தொழிலாளியின் கவிஞன் துரையின் மொழியில் எழுதியதேன் என்று சிலர் குறை கூறுவர். நாம் அதை ஏற்பதற்கில்லை. குற்றப்பத்திரம் குற்றவாளிக்குப் புரியும் மொழியில் இருப்பதே முறை. கல்லறையின்றி, பெயரின்றி, தேயிலையின் கீழே மண்ணானவரை அக்கவிதை நினைவுகூர்கிறது. அது வெறும் ஒப்பாரியாக நில்லாமல் உரிமை கோருகிறது: எம்மவர் எலும்பு உரமான மண் எமக்கு அந்நியமாகுமா? கண்டி யுத்த மயானத்தின் கற்களுக்கு எதிரே வைத்துப் படிக்கவேண்டிய கவிதை அது. மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களை அவர் தொகுத்ததும் அதே பணியின் தொடர்ச்சி. வேற்றார் எழுதிவைத்த சுங்க ஏட்டுக்கு எதிராக மக்கள் தாமே பாடிவைத்த ஏட்டை அவர் நம் கையில் தந்தார்.

இவ்வளவும் பெறுமதியான பேறு. ஆனால் நிறைவு அடைந்துவிட முடியாது. முற்போக்கின் பெயரால் எழுதப்படும் கதைகள் சிலவற்றில் தொழிலாளி முதற்பக்கத்தில் அழுகிறான், கடைசிப் பக்கத்தில் கொடி ஏந்துகிறான். இடையே அவன் என்ன சமைத்தான், எந்தக் கடனில் மூழ்கினான், கொழுந்து நிறுக்கும் தராசில் எத்தனை இறாத்தல் கழிக்கப்பட்டது என்பவை காணப்படுவதில்லை. சின்னமாக்கப்பட்ட மனிதன் பொருளாக்கப்பட்ட மனிதனை விடப் பெரிதும் உயர்ந்துவிடுவதில்லை. யுத்த காலத்தில் இறப்பர் மரத்தடியில் நின்றவளின் கதையும், நீலகிரி லயத்திலிருந்து கண்டி லயத்துக்குக் கடிதம் எழுதியவளின் கதையும் நம் இலக்கியத்தில் இன்னும் மிகச் சிறிய இடத்தையே பெற்றுள்ளன. நாடுகளின் எல்லை விமர்சகனின் எல்லையாகவும் இருக்கலாகாது. மலையகம், நீலகிரி, மலேசியா என்ற மூன்று தோட்ட இலக்கியங்களை ஒன்றாக வைத்துப் படிக்கும் நெறி ஒன்று வளரவேண்டும்.

2023ஆம் ஆண்டில், வருகையின் 200 ஆண்டுகளை நினைந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். முன்னோர் காட்டு வழியில் மாண்டு மாண்டு வந்த பாதை அது. எந்த அரசும் எழுதித் தராத சரித்திரத்தைக் காலால் எழுதிய நடை என்று நாம் அதைச் சொல்வோம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வகுப்பறையில் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பாடமாக வரும்போது, அதே ஆண்டில் இறப்பர்ப் பால் வடித்தவர் யார் என்று கேளுங்கள். தோட்டத்து முதியோரின் நினைவுகளை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்குங்கள். இனி இரு அயல்நாடுகளும் எந்த வர்த்தக உடன்படிக்கையைப் பேசினாலும், தேயிலைக்கு எத்தனை கிலோ என்ற வரியோடு, பறிப்பவளுக்கு என்ன கூலி, எத்தகைய வீடு, எவ்வளவு நிலம் என்ற வரியும் எழுதப்படவேண்டும் என்று இரு கரையிலும் ஒரே குரலில் கோருவோம்.