எந்த ஊர்ச் சிறப்பு?
மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அதில் இறைச்சி இல்லை. சைவ நூல், அதில் எனக்குச் சண்டையில்லை. அந்த ஒரு சாதி அடுப்பையே 'தமிழர் சமையல்' என்று வாசிக்கிறார்களே, அங்கேதான் சண்டை. சிதம்பரம் என்றால் கோயில் சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு. கடலூர்ப் பக்கத்துச் சேரியில எங்க ஆயா போட்ட உப்புக்கண்டம் எந்த ஊர்ச் சிறப்பு? உப்பு கறியிலிருக்கும் தண்ணியை இழுத்துடும், மிச்சத்தை வெயில் உறிஞ்சும். ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. காயும் வடாத்துக்கும் இதே விஞ்ஞானம்தான். வடாத்துக்குக் கறுப்புக் குடை விரித்துக் காவல். எங்க கறிக்கொடியை ஊர்க்காரங்க கண்ணுல படாம கொல்லையில கட்டினோம். மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015இல் தலித் சமையலைப் புத்தகமாக்கினார். எங்க அடுப்பை யார் எழுதறது? ஒரு கை உப்புன்னா எவ்வளவுன்னு ஆயாகிட்ட கேட்டேன். "என் கை"ன்னுச்சு.