மூங்கில் விரிப்பும் பன்பாயும்

‘மூங்கில்’ என்ற பெயரில் இன்று படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், தேநீர்க் கோப்பை எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. பொதியில் ஒரு பச்சை இலை இருக்கும். சில வேளை பாண்டாக் கரடியும் இருக்கும். பருத்தி விரிப்பைவிட விலை கூட. மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளின் மூலையில் சுருட்டிச் சாத்தியிருக்கும் பன்பாய்க்கு இலைப்படமும் கிடையாது, பொதியும் கிடையாது. மூங்கில் புல் குடும்பம், பன் கோரைக் குடும்பம். இரண்டும் இயற்கைதான். ஆனால் செடிக்கும் படுக்கைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

மூங்கில் விரிப்பு தொடுவதற்கு மிக மென்மையானது. வயிரமான கழி எப்படி இவ்வளவு மென்மையானது? சீவலாக்கிய மூங்கிலை எரிசோடாவில் ஊறவைத்து, காபன் இருசல்பைட்டு என்ற நச்சுத் திரவத்துடன் வினைப்படுத்தி, பாகாக்கி, நுண்துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீச்சுகிறார்கள். அங்கே இழையாகத் திரண்டு வருவதன் பெயர் விஸ்கோஸ் ரேயோன். மூங்கிலுக்குப் பதில் வேறு மரத்தைப் போட்டாலும் கிடைப்பது அதே இழைதான். காபன் இருசல்பைட்டின் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன.

வாழைச்சேனைக் காகித ஆலையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வைக்கோல் கூழாகிக் காகிதமானது. அந்தக் காகிதத்தை யாரும் ‘வைக்கோல்’ என்று சொல்லி விற்கவில்லை. ரேயோனை ‘மூங்கில்’ என்று விற்றதற்காக ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 முதல் நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022இல் வோல்மார்ட், கோல்ஸ் என்ற இரு பெரும் வணிக நிறுவனங்கள் மொத்தம் 55 இலட்சம் டொலர் தண்டப்பணம் கட்ட உடன்பட்டன. மூங்கிலுக்கே உரியதாகச் சொல்லப்படும் கிருமி எதிர்ப்புக் குணம் இந்தச் செய்முறையைத் தாண்டி இழையில் தங்குகிறது என்ற கூற்றையும் ஆணைக்குழு ஏற்கவில்லை.

இருந்தாலும் அந்த விரிப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை. மூங்கில் விரைவாக வளரும். வெட்டினால் மீண்டும் முளைக்கும். பருத்தியளவு பூச்சிகொல்லி கேட்பதில்லை. ரேயோன் வியர்வையை நன்றாக உறிஞ்சும். கச்சான் வீசும் மாதங்களில் அதன் வழவழப்பு உடம்புக்கு இதம். கரைப்பானை மீட்டு மீட்டுப் பயன்படுத்தும் லையோசெல் முறையில் செய்தால் சூழலுக்குக் கேடும் குறைவு. ஆனால் சாதாரண விஸ்கோஸ் நனைந்தால் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அதற்கு ஆயுள் குறைவு. கூடுதல் விலை கொடுத்து வாங்கியது பருத்தியைவிட முந்திக் கிழிந்தால், ஆண்டுக் கணக்கில் அதுவே செலவு கூடிய விரிப்பு.

கோப்பை, தட்டு வகைகளில் இன்னும் அவதானம் வேண்டும். ‘மூங்கில் கோப்பை’ என்று விற்கப்படும் பலவற்றில் இருப்பது மூங்கில் தூளும் அதைப் பிணைக்கும் மெலமைன் பிசினும். சூடும் புளிப்பும் பட்டால் இப்பிசினிலிருந்து மெலமைனும் போர்மல்டிகைட்டும் கசியலாம் என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றும் நடவடிக்கையைத் தொடங்கியது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்து, சோற்றுக்குப் புளியாணம் ஊற்றிக்கொள்ளும் நமக்கு இது பொருந்தாத பாத்திரம். கழியாகவே இருக்கும் மூங்கில் அப்படியல்ல. கூடை, அகப்பை, ஏணி எதுவானாலும் கண்ணுக்குத் தெரிவதுதான் பொருள்.

பன்பாயும் அந்த வகைதான். நன்னீர் தேங்கும் சதுப்பிலும் குளத்தோரத்திலும் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, நிறம் வேண்டிய பங்கைச் சாயத்தில் அவித்து, ஈரம் காட்டிப் பதமாக்கி இழைக்கிறார்கள். தமிழ்நாட்டின் பத்தமடைப் பாய்க்குத் தறியும் பாவு நூலும் உண்டு. நம்முடைய பாய்க்குத் தரையும் பத்து விரலும் போதும். படுத்தால் முதுகுக்குக் காற்றோட்டம். எழுந்தால் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம், ஓரறை வீட்டிலும் இடம் மிஞ்சும். நைந்துபோன பின் வளவில் போட்டால் மண்ணாகிவிடும்.

அதன் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மாரியில் வாடையடித்து ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். மடித்தால் முறியும், ஓரம் பிரிந்தால் பாய் முழுவதும் தளரும். மலிவான சாயம் வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் நோவுள்ள முதியவருக்குத் தரையிலிருந்து எழும்புவதே ஒரு பாடு. பிளாஸ்டிக் பாய் பரவியதற்கு நாகரிக மோகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போரில் இடம்பெயர்ந்த காலத்திலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் நிவாரணப் பொதியில் வந்தது அந்தப் பாய்தான். அது நனைந்தாலும் உதறி விரிக்கலாம். வெள்ளத்தோடு வாழும் ஊரில் அது சின்ன வசதியல்ல. வெயிலில் நொறுங்கி, துண்டு துண்டாய் வாவியில் போய்ச் சேர்வது அதன் மறுபக்கம்.

பன்பாயின் பெரிய குறை அதன் விலைதான். கூடியதால் அல்ல, குறைந்ததால். வெட்டியவர் கூலி, சாயம், விறகு வரை கணக்கில் வரும். இழைத்த பெண்ணின் நேரம் வராது. உலை வைத்த பின், பிள்ளை உறங்கிய பின், குந்தியிருந்து முதுகு நோக இழைத்த பொழுதுகளை ‘சும்மா இருந்த நேரம்’ என்று வீடும் சொல்கிறது, வியாபாரியும் சொல்கிறார். சதுப்பு மேடாக்கப்படும் இடங்களில் பன்னைத் தேடி இன்னும் தூரம் போகவேண்டும். அந்த நடையும் விலையில் ஏறுவதில்லை. மகள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்றால் அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ‘பாரம்பரியம்’ என்று புகழ்ந்துகொண்டே கூலியை மறைத்தால், நாமும் பொதியில் பாண்டாப் படம் ஒட்டுகிறவர்கள்தான்.

கட்டிலுக்கு விரிப்பு வேண்டுமானால் பருத்தி நல்லது. வாவியின் தென்கோடிப் பக்கம் மருதமுனைத் தறிகள் இருக்கின்றன. நூல் வெளியிலிருந்து வந்தாலும் நெய்த கை நம் பக்கத்துக் கை. மூங்கில் விரிப்பின் வழவழப்புத்தான் பிடிக்கிறது என்றால், ரேயோன் என்று தெரிந்தே வாங்கலாம். தரையில் படுப்பவருக்கும் விருந்தாளிக்கும் பன்பாய் போதும், மாரியில் அதை உயரத்தில் ஏற்றி வைக்கும் பொறுமை இருந்தால். வாங்கும்போது ஒன்று: பெட்டியில் அச்சடித்த விலையைப் பார்த்து நாம் பேசாமல் காசை நீட்டுகிறோம். பாய் இழைத்தவர் சொல்லும் விலைக்கு மட்டும், “கொஞ்சம் குறைக்க ஏலாதா?” என்கிறோம்.