அழைப்பிதழில் இருக்கிறாள், பதிவேட்டில் இல்லை

அருங்காட்சியகங்களின் நிகழ்ச்சி அழைப்பிதழ்களை நான் ஒரு செய்யுளைப் படிப்பதுபோல் படிப்பேன். எழுவாய் யார், வினை என்ன என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். தலைமை தாங்குபவர், சிறப்புரை ஆற்றுபவர், பரிசு வழங்குபவர் பெரும்பாலும் ஆண். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவும் வரவேற்கவும் நன்றி கூறவும் பெண்கள். அதற்குக் கீழே, சற்றுப் பெரிய எழுத்தில், ‘மகளிருக்கான கோலப்போட்டி’. பெண்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று இதைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்த நிறுவனத்தில் அவளுடையதாக என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

எந்த அருங்காட்சியகத்திலும் நிகழ்ச்சி நிரல் அன்றோடு முடிந்துபோகும். சேகரிப்புப் பதிவேடு நிற்கும். அதில் பொருளுக்கு ஓர் எண், கிடைத்த இடம், கொடுத்தவர் பெயர், காலம் எல்லாம் ஏறும். நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளர் அதைத்தான் திறப்பார். 1989இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைக் கணக்கெடுத்த கெரில்லா கேர்ள்ஸ் குழுவினர், நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அங்கே சட்டகத்துக்குள் நிரம்பியவள், இங்கே நிகழ்ச்சி நிரலில் நிரம்பியிருக்கிறாள்.

பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்தை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைவினைப் பயிற்சி, ஓவியப் போட்டி, கோலம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கும் இடம் அது. என் மாணவிகளில் சிலர் முதன்முதலாக ஓர் அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைத்ததே அப்படியொரு போட்டிக்காகத்தான். வீட்டில் கேட்காமல் பேருந்து ஏற முடியாத பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. என் கேள்வி நிகழ்ச்சி என்ற வடிவத்தைப் பற்றியது.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் போட்டு, நடுவர் பார்த்து, படம் பிடித்து, மாலையில் பெருக்கிவிடுகிறார்கள். அழிவதற்கென்றே போடுவதுதான் கோலம், அதுதானே அழகு என்று உடனே ஒருவர் சொல்வார். (சொல்பவர் பெரும்பாலும் வாசல் தெளித்தறியாதவர்.) கோலம் அழியட்டும். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, கம்பி எங்கே திரும்புகிறது, யாரிடம் கற்றாள், எந்தப் பழைய நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் ஏன் அழிய வேண்டும்? 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலத்தை விதிகளின் தொகுப்பாக, ஓர் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். கணிதத்தின் கைக்கு அகப்பட்டதை, காத்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட இடம் துடைப்பத்திடம் கொடுத்துவிடுகிறது.

காத்து வைத்ததில் மட்டும் அவள் எப்படி இருக்கிறாள்? ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது கிடைத்த சிறிய உலோகப் பெண்ணுருவத்தைத் தாய்த்தெய்வம் என்றே எழுதிவருகிறோம். மார்பும் இடுப்பும் இருந்தால் தாய், தாய் என்றால் தெய்வம். ஆடியவளாகவோ யாரோ ஒரு சிறுமியின் பொம்மையாகவோ அவள் இருக்க வழியே இல்லையா? தாழியை வனைந்தவன் ‘குயவன்’ என்று எழுதும்போது நமக்கு ஒரு சந்தேகமும் எழுவதில்லை.

எங்கள் பக்கத்தில் பொது நிகழ்ச்சி என்றால் குற்றாலத்துச் சாரல் விழாதான். அங்கே ஆணழகன் போட்டி உண்டு, கொழுகொழு குழந்தைகள் போட்டியும் உண்டு. ஆண் தன் உடம்பைத் தனக்காக மேடையில் நிறுத்துகிறான். பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிறாள், மதிப்பெண் குழந்தைக்கு. இதே குற்றாலத்தை வைத்துத்தான் 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் ஒரு குறத்தியை நடுவில் நிறுத்திப் பேசவிட்டார். தன் மலையை, தான் நடந்த நாடுகளை அவளே விவரிக்கிறாள், குறி சொல்கிறாள், பரிசும் பெறுகிறாள். 1944இல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகமாக்கினார். குறத்தி வேடம் சபா மேடைக்கு வந்துவிட்டது. இந்த மலையில் வாழும் பெண் ஒருத்தி வந்து தன் மலையைப் பற்றிப் பேசுவதாக ஓர் அழைப்பிதழை நான் இன்னும் பார்க்கவில்லை.

குற்றாலத் தண்ணீர் சிற்றாறாக இறங்கி எங்கள் வீரகேரளம்புதூரைத் தொட்டுப் போகிறது. ஊற்றுமலை ஜமீனின் ஊர் இது. இருதயாலய மருதப்பத் தேவரின் அவையில் காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார் இருந்தது பற்றி எழுத்து இருக்கிறது. அதே தெருக்களில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கடையில் கொடுக்க வேண்டும். வார நாளில் காலை பத்தரைக்குத் தொடங்கும் ‘மகளிர் கருத்தரங்கு’க்கு இவர்களில் யார் வர முடியும்? வந்தால் அன்றைய ஆயிரம் போயிற்று. அந்த ஆயிரத்தில் படிக்கும் மகள்தான் அரங்கின் நாற்காலியை நிரப்ப அனுப்பப்படுகிறாள். ஒருமுறை ஓர் அமைப்பிலிருந்து (பெயர் வேண்டாம்) நாற்பது மாணவிகளைச் சேலையில் அனுப்பச் சொன்னார்கள். தலைப்பு என்ன என்று கேட்டேன். “தலைப்பு இன்னும் முடிவாகல மேடம், பிள்ளைங்க வந்தா போதும்” என்றார்கள்.

வேறு வழி தெரியாத காலமுமில்லை இது. 1988இல் அம்பை என்று நாம் அறிந்த சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ பெண்கள் ஆவணக் காப்பகம் பட்டறைகளை நடத்தியது. ஓர் ஓவியரோ நடனக் கலைஞரோ வந்தவர்கள் முன் தன் வாழ்வையும் தொழிலையும் பேசுவார். பேச்சு பதிவாகும், எழுத்தாகும், காப்பகத்தில் சேரும். நிகழ்ச்சியே சேகரிப்பாகிவிடுகிறது. பெரிய கட்டடமும் கண்ணாடிப் பேழையும் இதற்கு வேண்டாம். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும், கோலப்போட்டியின் விண்ணப்பத் தாளில் இன்னும் மூன்று வரி போதும்.

இந்தப் பருவத்தில் என் மாணவிகள் வீட்டிலிருக்கும் ஒரு பொருளுக்குப் பதிவேட்டு அட்டை எழுதினார்கள். கோல நோட்டு, சுளகு, பாய், பனையோலைப் பெட்டி என்று வந்தன. பீடித்தட்டுக்கு எழுதிய ஒருத்தி, பயன்படுத்துபவர் என்ற கட்டத்தில் அம்மாவின் முழுப்பெயரையும் எழுதிவிட்டு, காலம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது டீச்சர், இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கா என்று கேட்டாள். அதையே எழுதச் சொன்னேன். அட்டைகளை வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டு, பொருத்தமான இடங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.