'ரிஸ்க்' என்னும் சொல்லும் தமிழ் வழக்கும்: பத்துமலையை முன்வைத்து

'ரிஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அபாயம், ஆபத்து, இடர் ஆகியன நிகராக வழங்குகின்றன. இவை அச்சொல்லின் பொருளை முழுமையாகத் தாங்குவனவா என்பதே நம் வினா.

பத்துமலைச் சுண்ணாம்புக் குன்றின் செங்குத்தான முகத்தில் தளர்ந்த கல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு வாரநாட் காலையிலும், இலட்சக்கணக்கானோர் கூடும் தைப்பூசத்தன்றும் அது அதே கல்தான். விளையக்கூடிய கேடு மட்டும் ஒன்றன்று. கல்லை ஆங்கிலம் 'ஹசார்ட்' என்கிறது. அது விழும் வாய்ப்பையும் விழுந்தால் நேரும் கேட்டின் அளவையும் சேர்த்து எண்ணுவதே 'ரிஸ்க்'. மலாய்மொழி 'ஹசார்ட்', 'ரிசிகோ' என இரண்டையும் கடன்கொண்டு இவ்வேறுபாட்டைக் காத்துக்கொண்டது. தமிழிலோ பாறையடியில் நடும் பலகையிலும் 'அபாயம்'. பங்குச்சந்தை முதலீட்டு விளம்பரத்திலும் 'அபாயம்'. படியேறும் பக்தருக்கு இந்த ஒரு சொல் போதும். கல்லை அகற்றுவதா, கூட்டத்தை விலக்குவதா என முடிவெடுக்க வேண்டியவர்க்கு அது போதாது.

'இடர்' என்பதிலும் சிக்கல் உண்டு. பழைய வழக்கில் அது பெரும்பாலும் வந்துற்ற துன்பத்தையே குறித்தது. வந்ததைத்தானே களைய இயலும்? தமிழகத்தில் 'டிசாஸ்டர்' என்பது 'பேரிடர்' என நிலைபெற்றபின், இன்னும் நிகழாத ஒன்றைத் தனி 'இடர்' என்பது மேலும் குழப்பம் தருகிறது. இலங்கையர் 'அனர்த்தம்' என்பதையும் வழங்குவதால் இந்நெருக்கடி அங்குச் சற்றுக் குறைவு எனலாம்.

சொல் இல்லாமையால் தமிழர்க்குக் கருத்தும் இல்லை என்பார் கூற்று ஏற்புடையதன்று. 'தெரிந்துசெயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர், வரவிருக்கும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்கிறார். இன்றைய முதலீட்டு ஆலோசகர் இதற்குமேல் புதிதாக ஒன்றும் கூறிவிடவில்லை. 'ஹசார்ட்' ஆங்கிலத்தில் ஒரு பகடையாட்டத்தின் பெயராகவும் இருந்ததை நோக்க, சூதை விலக்கிய வள்ளுவர் இழப்பைக் கணக்கிடச் சொன்னது இன்னும் சுவையானது.

ஆகவே 'ஹசார்ட்' என்பதற்கு 'அபாயம்' என்றும் 'ரிஸ்க்' என்பதற்கு 'இடர்வாய்ப்பு' என்றும் வகுப்பறையில் பிரித்து வழங்கலாம் என்பது நம் கருத்து. 'வாய்ப்பு' நன்மைக்கே உரிய சொல் எனத் தமிழாசிரியர் மறுக்கக்கூடும். மழைக்கு வாய்ப்புண்டு என்னும் வானிலை அறிக்கை உழவருக்கும் உரியது, தைப்பூச இரதத்தின் பின்னே நடப்பவர்க்கும் உரியது.