சரக்குக்குக் காப்பு உண்டு, தொழிலாளிக்கு?

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டில் பல குடும்பங்கள் வளைகுடா நாடுகளில் உழைப்போரின் வருவாயைக் கொண்டு வாழ்கின்றன. எங்கோ ஒரு நாட்டில் எடுக்கப்படும் முடிவு தன் வீட்டு அடுப்பைத் தொடும் என்பதை அவ்வூர் நன்கறியும். அவ்வூரைச் சூழ்ந்த பெரம்பலூர் மாவட்டமோ பருத்திக்குப் பேர்பெற்றது. அயல்நாட்டுச் சரக்கின் வரவால் வேலை இழப்போருக்கு நம் அரசு செய்யும் உதவி எத்தகையது, அது யாரைச் சென்றடைகிறது என்பதை இத்தகைய ஊரில் நின்று ஆராய்வது பொருத்தமாகும்.

முதற்கண் தீப்பெட்டித் தொழிலை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் இத்தொழிலை நம்பி வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மலிவான பிளாஸ்டிக் லைட்டர்களின் இறக்குமதி அவர்களது பிழைப்பைத் தாக்கிற்று. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூன் 29 அன்று, கப்பற் கூலியும் காப்பீடும் சேர்த்து இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் 2024இல் கட்டுப்பாடு வந்தது.

இத்தடையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வேலை போனபின் உதவுவதினும் போகாமற் காப்பது சிறந்ததே. எனினும், இத்தடை காத்தது சரக்கை. தடைக்கு முன்னரே வேலை இழந்து வெளியேறிய பெண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், கைத்தொழிலாகச் செய்த தீப்பெட்டியையும் முழு இயந்திர ஆலையில் செய்த தீப்பெட்டியையும் அது வேறுபடுத்துவதில்லை. லைட்டர் விட்டுச்சென்ற இடத்தை இயந்திரம் நிரப்புமாயின், முதலாளிக்குச் சந்தை மீளும். தொழிலாளிக்கு வேலை மீளாது.

ஆளை நோக்கிய உதவி நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. நிலையாக மூடப்பட்ட பஞ்சாலைகளின் தொழிலாளருக்காக 1986இல் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் ஏற்பட்டது. மூடலின் காரணம் இறக்குமதியா வேறா என்று அது கேட்கவில்லை. முதலாம் ஆண்டு கூலியில் 75 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25 என்று அது வழங்கிற்று. வேறு வேலை தேடுவதற்குக் காலம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் என்ற முறையில் அது பாராட்டுக்குரியது.

ஆனால் அதன் நிபந்தனைகளைப் படிக்கும்போது அதன் எல்லை புலனாகும். ஆலை சட்டப்படி நிரந்தரமாக மூடப்பட்டிருத்தல் வேண்டும். தொழிலாளி அங்கே ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருத்தல் வேண்டும். தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளிலோ, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தும் வழக்கம் பரவியிருந்தது. மூன்றாண்டில் வெளியேற்றப்படுகிறவள் ஐந்தாண்டுத் தகுதியை எவ்வாறு அடைவாள்? ஆலை மூச்சுவிட்டுக்கொண்டே ஆட்குறைப்புச் செய்தால் அவருக்கும் வழியில்லை.

இத்திட்டம் 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதில் உதவிக்காலம் மிகுதியாக இரண்டாண்டு. 2018இல் வந்த அடல் திட்டத்தில் தொண்ணூறு நாள் மட்டுமே. மூன்றாண்டு மூன்று மாதமாகச் சுருங்கியதைக் காண்க. இவ்விரண்டும் ஈட்டுறுதிக் கழகத்தில் பதிவுபெற்றோருக்கே உரியவை. வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிறவளுக்கு அப்பதிவு ஏது?

அமெரிக்கா இதை வேறுவிதமாக அணுகிற்று. வணிகத் தடைகளைத் தளர்த்திய 1962ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, இறக்குமதியால் வேலை இழப்போருக்கு உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் வகுத்தது. 1974இல் அதை விரிவாக்கிற்று. நாட்டின் நன்மைக்கென்று சந்தையைத் திறக்கும்போது, அதன் இழப்பைச் சிலரே சுமக்கலாகாது என்னும் நேர்மை அதில் இருந்தது. ஆயினும் தன் வேலை இறக்குமதியால்தான் போயிற்று என்று மெய்ப்பிக்கும் சுமை அங்கே இருந்தது. சட்டக்காலம் முடிந்ததால் 2022 ஜூலை முதல் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படவுமில்லை. ஆகவே காரணத்தை மெய்ப்பிக்கச் சொல்லாமல், வேலை இழந்ததையே தகுதியாகக் கொள்வது நமக்கு ஏற்றது.

அரசின் முடிவே இழப்பை இடம் மாற்றும் என்பதற்குப் பருத்தி சான்று. அமெரிக்கா நம் ஆடைகளின்மேல் 50 விழுக்காட்டு வரி விதித்த 2025 ஆகஸ்டில், ஆலைகளுக்கு உதவும்பொருட்டு பருத்தியின் 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை ஒன்றிய அரசு ஆண்டிறுதிவரை நீக்கிற்று. திருப்பூர்த் தொழிலாளியின் வேலையைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் அயல்நாட்டுப் பஞ்சு மலிவாக வரின் விலைவீழ்ச்சியின் அச்சம் பெரம்பலூர்க் காட்டில் விழுகிறது. உழவருக்கு ஆதரவு விலை என்ற ஒரு பிடியேனும் உண்டு. பருத்தி எடுக்கும் கூலிப்பெண்ணுக்கு அதுவுமில்லை. ஓர் ஏழையைக் காக்கும் செலவு, கணக்கில் வராத இன்னோர் ஏழையின் பெயரில் எழுதப்படுகிறது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் உவமையில், கடைசி மணிவேளையில் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகளல்லர். கூலிக்கு அழைப்பாரின்றி நின்றவர்கள். தோட்டத்துக்குரியவர் அவர்களிடம் முன்னனுபவச் சான்று கேட்கவில்லை. அன்றாடப் பிழைப்புக்கு வேண்டியதைக் கொடுத்தார். அவ்வுவமையை அருளைப் பற்றியது என்று மட்டும் போதித்து, கூலியைப் பற்றியும் அது பேசுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

திருச்சபை திட்டம் வகுக்கும் மன்றமன்று. எனினும் நிவாரணம் பெரும்பாலும் தாளில் தவறுகிறது என்பதை ஆயர்கள் அறிவர். வேலையில் இருக்கும்போதே ஈட்டுறுதி எண், வருங்கால வைப்புநிதிக் கணக்கு, கூலிச் சீட்டு ஆகியவற்றைத் தொழிலாளர் பெற்றுப் பேணும்படி சபைகள் துணைநிற்கலாம். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் ஜமாஅத்தாரோடு சேர்ந்தே இதைச் செய்யலாம். பதிவேட்டில் இல்லாதவரை அரசு காண்பதில்லை. அவர்களைக் காணச் செய்வது ஆயர்பணியின் புறத்தே நிற்கும் வேலையன்று.