நழுவலின் விலை

கார் ஷோரூமில் போய் 'ஆட்டோமேட்டிக்' வேண்டும் என்றால், காட்டப்படும் வண்டிகளுக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் இருக்கலாம்: ஏ.எம்.டி., சி.வி.டி., டி.சி.டி., டார்க் கன்வெர்ட்டர். கிளட்ச் மிதி இல்லை என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது. விலைப்பட்டியலில் மட்டும் நான்கும் ஒரே பெயரில் உட்கார்ந்துகொள்கின்றன. இவற்றில் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றி நம்மிடையே நிலைத்துவிட்ட தீர்ப்பு ஒன்று உண்டு: 'ஓட்ட சுகம், ஆனால் பெட்ரோல் குடிக்கும்.' பாதி உண்மை, அதுவும் பழைய பாதி. அதன் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

இது காருக்காகப் பிறந்ததல்ல. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பலுக்காக யோசித்து 1905இல் காப்புரிமை பெற்றது. நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழலும். கப்பலின் உந்துசக்கரமோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரைத் தள்ளும். நடுவில் பல்சக்கரத்துக்குப் பதிலாகத் திரவத்தையே வைத்தார் அவர்.

எப்படி இயங்குகிறது என்று கேட்டால், எதிரெதிரே வைத்த இரண்டு மேசை மின்விசிறிகளைச் சொல்வார்கள். ஒன்றை ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். அந்த உவமை முக்கால் வழியில் நின்றுவிடுகிறது. அது விளக்குவது வெறும் திரவ இணைப்பை. அதில் எஞ்சின் தரும் முறுக்குவிசை அப்படியே வெளியே வருமே தவிர, ஒரு துளியும் கூடாது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ரா-மேட்டிக்கில் இருந்தது அதுதான்.

டார்க் கன்வெர்ட்டரின் உயிர் மூன்றாவது சக்கரத்தில் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் ஆயிலை வீசுகிறது. கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. டர்பைனை விட்டு வரும் ஆயில், பம்ப் சுழலும் திசைக்கு எதிராகத் திரும்பியிருக்கும். அதை அப்படியே விட்டால் பம்ப்பையே தடுக்கும். நடுவில் நிற்கும் ஸ்டேட்டர் அந்த ஓட்டத்தை வளைத்து, பம்ப்புக்குச் சாதகமான திசையில் அனுப்புகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இதனால்தான். வேகம் பிடித்து டர்பைன் பம்ப்பை நெருங்கியதும், ஸ்டேட்டர் தன் ஒருவழிக் கிளட்ச்சில் விடுபட்டுத் தானும் கூடவே சுழலத் தொடங்கும். அதன் பிறகு பெருக்கம் இல்லை.

விசை இரண்டு மடங்கானால் சக்தியும் இரண்டு மடங்கா என்றால், இல்லை. வேகத்தைக் கொடுத்துத்தான் விசையை வாங்குகிறோம். நடுவில் நழுவும் பங்கு வெப்பமாகி ஆயிலில் கலக்கிறது. 1948இல் வந்த ப்யூக் டைனாஃப்ளோ, சாதாரண ஓட்டத்தில் கியரே மாற்றாமல் எல்லாவற்றையும் கன்வெர்ட்டர் தலையில் கட்டியது. வண்டி வெண்ணெயாகப் போனது. மந்தமாகவும் போனது, எரிபொருளையும் தின்றது. கெட்ட பெயர் அங்கே நியாயமாகவே சம்பாதிக்கப்பட்டது.

மருந்தும் சீக்கிரமே வந்துவிட்டது. 1949இல் பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக், வேகம் பிடித்ததும் பம்ப்பையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச்சைக் கொண்டுவந்தது. ஆனால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில் அதைப் பொருட்படுத்த ஆளில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் பரவலானது. இன்று லாக்-அப் தாழ்ந்த கியர்களிலேயே விழுகிறது. கியர்களும் ஆறு, எட்டு என்று கூடிவிட்டன. நெடுஞ்சாலையில் பழைய குற்றச்சாட்டுக்கு இடமில்லை. கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்தால் மட்டும் இருக்கிறது: அந்த வேகத்தில் லாக்-அப் விழாது, நழுவல் ஓயாது, மைலேஜ் இறங்கும்.

இந்த இடத்தில்தான் ஏ.எம்.டி. ஜெயித்தது. 2014இல் மாருதி செலெரியோவில் அது வந்தபோது, கிளட்ச் மிதித்து அலுத்த சிறிய கார்க்காரர்களுக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் ஓர் இயக்கி. விலை குறைவு, மைலேஜ் மேனுவலுக்குச் சமம். இதை மட்டம் தட்டுவது பணக்காரத்தனம். ஆனால் மலைப்பாதைக்கு வாருங்கள். கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பேருந்து இறங்குகிறது. நீங்கள் ஏற்றத்தில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். பிரேக்கிலிருந்து கால் ஆக்சிலரேட்டருக்குப் போகும் இடைவெளியில், ஹில்-ஹோல்ட் வசதி இல்லாத ஏ.எம்.டி. பின்னால் உருளும். அதற்குப் பயந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தட்டு கருகும் வாசனை வரும். டார்க் கன்வெர்ட்டரில் கிளம்பும்போது உராய்ந்து தேயத் தட்டு இல்லை. ஆயில் நழுவும், சூடாகும், அந்தச் சூடு கூலருக்குப் போகும். குறை என்று சொன்ன அதே நழுவல்தான் இங்கே காவல். (இறங்கும்போது கதை வேறு. 'டி'யிலேயே விட்டால் எஞ்சின் பிரேக்கிங் போதாது. தாழ்ந்த கியருக்கு நாமே மாற்றாவிட்டால் பிரேக் சூடேறிச் செயலிழக்கும்.)

உண்மையான கோளாறு பராமரிப்பு வழக்கத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலை 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று பல சர்வீஸ் மையங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. இந்த ஆயில் மசகு மட்டுமல்ல. விசையைக் கடத்துவதும், உள்ளிருக்கும் கிளட்ச்களை அழுத்துவதும், சூட்டைச் சுமந்து போவதும் அதுதான். உள் கிளட்ச்கள் தேயும் துகள் அதில் கலந்து, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் படியும். முதலில் கியர் விழத் தாமதம், பிறகு லாக்-அப் விழும்போது ஒரு நடுக்கம், கடைசியில் லட்சக்கணக்கில் பில். தெருமுனை மெக்கானிக் இதைப் பிரிக்கத் துணியமாட்டார். பெரிய சர்வீஸ் மையத்திலும் பிரித்துச் சரிசெய்வதைவிட முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொல்வதுதான் அதிகம். ஏ.எம்.டி. பழுதானால் ஊரிலேயே ஆள் கிடைப்பார் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

நெடுஞ்சாலையும் மலையும் அதிகம், காரைப் பத்து ஆண்டுகள் வைத்துக்கொள்வேன் என்பவருக்கு டார்க் கன்வெர்ட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும். தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டி, மாதச் செலவை எண்ணுபவருக்கு ஏ.எம்.டி. போதும். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்கும் முன் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அந்தப் பில் இல்லையென்றால், விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.