படக்கதை நெறியும் தொடுதிரை விளையாட்டும்

ஒரு கலை பிறிதொரு கலையினின்றும் கடன் கொள்ளுங்கால், அது கொண்டது யாது, விடுத்தது யாது என ஆராய்தல் திறனாய்வாளர் கடமையாகும். காப்பியம் நாடகமானபோதும், நாவல் திரைப்படமானபோதும் இவ்வாராய்ச்சி நிகழ்ந்துள்ளது. இன்று கைக்குள் அடங்கும் தொடுதிரைக் கருவிகளில் ஆடப்பெறும் விளையாட்டுக்கள் சில, படக்கதையினின்றும் தம் வடிவத்தைப் பெற்றுள்ளன. அவற்றுள் மூன்றினை எடுத்துக்கொண்டு, படக்கதை நெறியை விளையாட்டு எவ்வாறு கொள்ளல் தகும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

விளையாட்டினைத் தமிழாராய்ச்சி இதழில் ஆராய்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். உறுப்புக்களின் வரிசை மாறினால் பொருள் மாறுமா? கூறாது விட்டதனைக் கேட்போர் எவ்வாறு நிரப்புகின்றனர்? இவை நம் இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலம் ஆராய்ந்த வினாக்கள். இவ்விளையாட்டுக்களின் உயிரும் இவ்வினாக்களிலேயே உள்ளது. ஆதலின் நம் இலக்கணக் கருத்துக்கள் இப்புதுத் துறையிலும் ஒளி காட்டுமா என்று பார்த்தல் பயனுடைய முயற்சியேயாம்.

படக்கதையின் உயிர்நிலை

படக்கதை என்றவுடன் தடித்த கருங்கோடும், அழுத்தமான வண்ணமும், பேச்சுக் குமிழும், ஓசையைக் காட்டும் பெரிய எழுத்துக்களுமே பலர் நினைவிற்கு வருவன. இவை படக்கதையின் உடையே அன்றி உயிர் அல்ல. உடையை மட்டும் கொண்ட விளையாட்டுக்கள் முன்னரே தோன்றியுள்ளன. 1984-இல் தொடங்கிய பெல்சியப் படக்கதை ஒன்றினைத் தழுவி 2003-இல் வெளிவந்த ‘பதின்மூன்று’ என்னும் பெயருடைய விளையாட்டு, கோட்டோவியம் போன்ற தோற்றத்தையும் எழுத்தாலாகிய ஓசைகளையும் கொண்டிருந்தது. ஆயினும் அது சுடுதல் விளையாட்டாகவே நின்றது. அதற்கு முன், 1995-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘காமிக்ஸ் சோன்’ கட்டங்களையே களமாகக் கொண்டது. தான் வரைந்த படக்கதைக்குள்ளேயே சிக்கிய ஓவியன் ஒருவன் கட்டம் கட்டமாகப் போரிட்டுச் செல்வான். ஆயினும் அங்குக் கட்டங்கள் அடுத்தடுத்த அறைகளாக நின்றனவேயன்றி, அவற்றுக்கு இடைப்பட்ட வெளி பொருள் பயக்கவில்லை.

படக்கதையின் உயிர் அவ்விடைவெளியிலேதான் உள்ளது. ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்கப் படக்கதையாளர் 1993-இல், படக்கதை வடிவிலேயே எழுதிய ஆராய்ச்சி நூலில் இதனை விரிவாக நிறுவினார். எளிய சான்று ஒன்று காண்போம். முதற்கட்டத்தில் சிறுவன் ஒருவன் மரத்து மாங்கனியை அண்ணாந்து நோக்குகின்றான். அடுத்த கட்டத்தில் அவன் கையில் கொட்டை மட்டும் உள்ளது. அவன் ஏறியதும், பறித்ததும், தின்றதும் வரையப்படவில்லை. அவற்றை நிகழ்த்தியவர் படிப்போரே. சொல்லாது விட்டதனைக் குறிப்பினால் கொள்ளுதலைத் தொல்காப்பியர் எச்சம் என்று வகுத்தார். அதனைச் சொல்லதிகாரத்தில் எச்ச வகைகளுள்ளும், செய்யுளியலில் செய்யுள் உறுப்புக்களுள்ளும் வைத்தார். படக்கதையின் கட்ட இடைவெளி ஓவியத்தில் அமைந்த எச்சம் எனலாம்.

தொடுதிரையின் இயல்பு

அச்சிட்ட படக்கதையில் கண் ஒரு பக்கத்தை முழுமையாகக் கண்டு, பின்னர் ஒவ்வொரு கட்டமாகச் செல்கின்றது. முன்னும் பின்னும் ஒருங்கே கண்ணிற்படுதல் தாளின் பேறு. 2007-இல் ஐபோனும் 2010-இல் ஐபேடும் வெளிவந்த பின்னர்ப் படக்கதைகள் சிறுதிரைக்கு வந்தன. இடம் போதாமையால் ஒரு நேரத்தில் ஒரு கட்டமே காட்டும் முறை பெருகிற்று. அவ்வழிப் பக்கத்தின் அமைப்பு சிதைந்தது. இது தொடுதிரையால் நேர்ந்த இழப்பு.

ஆக்கமும் ஒன்று உண்டு. பொத்தான்களால் ஆடும் விளையாட்டில் கண் காணும் இடம் வேறு, கை இயங்கும் இடம் வேறு. தொடுதிரையிலோ காணும் இடமும் தொடும் இடமும் ஒன்றே. ஆதலின் கட்டம் என்பது காணப்படும் ஓவியமாக மட்டும் நில்லாமல், பற்றி நகர்த்தத்தக்க பொருளாகவும் ஆகின்றது. இவ்வியல்பினைப் பயன்கொள்ளும் விளையாட்டே படக்கதை நெறியை உண்மையில் கொண்டதாகும். ஆனால் இங்கு ஓர் இடர் உண்டு. படக்கதையில் இடைவெளியை நிரப்புவது மனம். விளையாட்டில் செயற்படுவது விரல். விரலின் தொழில் மனத்தின் தொழிலுக்குத் துணையாகின்றதா, அன்றி அதன் இடத்தைப் பறித்துக்கொள்கின்றதா என்பதே நாம் ஒவ்வொரு விளையாட்டினிடத்தும் கேட்கவேண்டிய வினா.

வரிசையே பொருளாதல்: ‘பிரேம்டு’

ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரத்து லவ்ஷாக் என்னும் சிறு குழுவினர் 2014-இல் வெளியிட்டது ‘பிரேம்டு’. கைப்பெட்டி ஒன்றனை ஏந்தித் தப்பிச் செல்லும் ஆடவன் ஒருவனும் பெண் ஒருத்தியும், அவர்களைத் தொடரும் துப்பறிவாளர் ஒருவரும் அதன் மாந்தர். மாந்தர் அனைவரும் நிழலுருவங்களே. உரையாடல் ஒரு சொல்லும் இல்லை. திரை முழுதும் ஒரு படக்கதைப் பக்கமாக விரிகின்றது. ஆடுவோர் மாந்தரை இயக்குவதில்லை. கட்டங்களின் வரிசையை மாற்றுகின்றனர். பின்னர்க் கதை தானே ஓடுகின்றது. காவலர் எதிர்முகமாக நிற்கும் கட்டத்தில் தப்புவோன் நேரே நுழைந்தால் பிடிபடுவான். கட்டங்களை மாற்றி அவன் காவலரின் பின்புறமாக வருமாறு அமைத்தால் தப்பிவிடுவான்.

நம் பொருள்கோள் வகைகளோடு இதனை ஒப்பிடுதல் தகும். தொல்காப்பியர் பொருள்கோளை நான்காகவும், நன்னூலார் எட்டாகவும் வகுத்தனர். அவ்விருவரும் கூறும் அடிமறிமாற்றில் அடிகளை எங்கு மாற்றி வைத்தாலும் பொருள் சிதைவதில்லை. ‘பிரேம்டு’ இதற்கு நேர்மாறானது. அங்குக் கட்டம் ஒன்று இடம் பெயர்ந்தால் விளைவு முழுதும் பெயர்கின்றது. ஒரே ஓவியம் ஒரு வரிசையில் கைதாகவும், வேறொரு வரிசையில் விடுதலையாகவும் முடிகின்றது. வரிசையே பொருள் என்னும் படக்கதையின் அடிப்படையை இதனினும் தெளிவாகக் காட்டிய விளையாட்டு நாம் அறிந்தவரையில் வேறு இல்லை.

இனி, இதன் குறையையும் கூறல் வேண்டும். ‘முல்லைப்பாட்’டிற்கு நச்சினார்க்கினியர் அடிகளைப் பலவாறு பிரித்துக் கூட்டி உரை கண்டதனை, மறைமலையடிகள் 1903-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியுரையில் மறுத்தார். முன்னரே கருதிய முடிபிற்கு ஏற்பப் பாட்டின் ஒழுங்கைக் குலைத்தல் ஆகாது என்பதே அம்மறுப்பின் சாரம். ‘பிரேம்டு’ ஆடுவோரும் இத்தகைய நிலைக்கே தள்ளப்படுகின்றனர். தப்புதல் என்னும் முடிபு ஒன்றே வேண்டப்படுதலின், காரணத்தை உணராமலேயே கட்டங்களை மாற்றி மாற்றி வைத்து விடையை எட்டிவிடலாம். தவறினால் கதை மீண்டும் தொடக்கத்திற்கு வரும். இழப்பு ஒன்றும் இல்லை. அவ்விடங்களில் விரல் உழைக்கின்றது, மனம் உறங்குகின்றது. கடந்து சென்ற கட்டத்தையே மீண்டும் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய பிற்பகுதிகளில் இக்குறை பெரிதும் நீங்குகின்றது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து நிகழ்வதை ஆடுவோர் எண்ணியாக வேண்டும். மனமும் விரலும் அங்கு ஒன்றுபடுகின்றன.

அணிமையே பொருளாதல்: ‘கொரொகோவா’

ஜேசன் ராபர்ட்ஸ் என்னும் ஒருவரே பல்லாண்டு உழைத்து, ஓவியங்களைத் தம் கையால் வரைந்து, 2017-இல் வெளியிட்டது ‘கொரொகோவா’. இது தொடுதிரைக்கெனவே பிறந்ததன்று. கணிப்பொறியிலும் ஒருங்கே வெளிவந்தது. ஆயினும் தொடுதிரையில் இதன் இயல்பு நன்கு விளங்குகின்றது. திரையில் இரண்டிற்கு இரண்டாக நான்கு கட்டங்கள் உள்ளன. சிறுவன் ஒருவன் வண்ணமயமான பேருருவம் ஒன்றனைக் கண்டு, ஐந்து கனிகளைத் திரட்ட முற்படுகின்றான். இதிலும் உரையாடல் இல்லை. ஓவியத்திற்குள் ஓவியமாக உள்நோக்கிச் செல்லலாம். ஒரு கட்டத்தின் வாயிற்சட்டத்தைத் தனியே பெயர்த்து வேறொரு கட்டத்தின்மேல் வைத்தால், அவ்வாயில் வழியே சிறுவன் வேறோர் இடத்திற்குச் சென்றுவிடுகின்றான்.

செய்யுளியல் கூறும் மாட்டு என்னும் உறுப்பு இங்கு நினைவிற்கு வருகின்றது. சேய்மையிற் கிடப்பினும் அண்மையிற் கிடப்பினும் பொருள்களை இயைத்து முடித்தல் மாட்டாகும். ‘பிரேம்டு’ வரிசையால் பொருள் காண்கின்றது. ‘கொரொகோவா’ அணிமையால் பொருள் காண்கின்றது. தொலைவில் கிடந்த இரண்டு அருகருகே வந்தவுடன் ஒன்றாகின்றன.

ஆயின், இடைவெளி இங்கு என்னாயிற்று? கட்டங்கள் கண்முன்னே பொருந்திவிடுவதால் இடைவெளி மூடப்படுகின்றது. ‘இடையில் நிகழ்ந்தது யாது’ என்னும் படக்கதையின் வினா, ‘எதனோடு எது பொருந்தும்’ என்னும் புதிராக மாறுகின்றது. இதனை இழப்பெனக் கருதுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிறிய இடைவெளிகளை விரலுக்கு விட்ட ஆசிரியர், பெரிய இடைவெளி ஒன்றனை மனத்திற்கென வைத்துள்ளார். சிறுவனும், போரால் சிதைந்த நகரும், துன்புற்ற ஓர் ஆடவனும், முதியவர் ஒருவரும் மாறி மாறித் தோன்றுகின்றனர். இவரெல்லாம் ஒருவரே, ஒரு வாழ்வின் பல பருவங்களே என்பதனை ஆடுவோரே உய்த்துணர்தல் வேண்டும். எந்தக் கட்டமும் அதனைக் கூறுவதில்லை.

விரலே மெய்ப்பாடாதல்: ‘புளோரன்சு’

மூன்றாவது, மெல்போர்னைச் சேர்ந்த மௌண்டன்ஸ் குழுவினர் கென் வோங் தலைமையில் ஆக்கி, 2018 பிப்ரவரி 14-இல் வெளியிட்ட ‘புளோரன்சு’. இருபத்தைந்து வயதுடைய புளோரன்சு என்பாளும் கிருஷ் என்னும் இசைக்கலைஞனும் காதல் கொள்வதும், கூடி வாழ்வதும், பிரிவதுமே கதை. முன்னைய இரண்டினும் கட்டங்களை நகர்த்தும் தொழில் இதில் மிகக் குறைவு. பல இடங்களில் கதை அச்சிட்ட படக்கதை போலவே ஓடுகின்றது. அங்ஙனமாயினும் படக்கதை நெறியை இதுவே ஆழமாகக் கொண்டுள்ளது என்பது எம் துணிபு.

பேச்சுக் குமிழையே சான்றாகக் கொள்வோம். இங்குக் குமிழுக்குள் எழுத்து இல்லை. சிதறிய துண்டுகளை ஆடுவோர் பொருத்தினால் புளோரன்சு பேசியதாகப் பொருள். முதற்சந்திப்பில் துண்டுகள் பல. சொல் தேடித் தடுமாறும் நாணம் விரலில் உணரப்படுகின்றது. பழக்கம் முதிர முதிரத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு எளிதாகின்றது. பூசல் நிகழும்போதோ துண்டுகள் கூரிய முனையுடையனவாகி, விரைந்து பொருத்தப்படுகின்றன. என்ன பேசினர் என்பது இறுதிவரை கூறப்படவில்லை. எவ்வுணர்வோடு பேசினர் என்பது மட்டும் கைவழியே புலனாகின்றது. அகத்து நிகழும் உணர்வு புறத்து உடல்வழி வெளிப்படுதல் மெய்ப்பாடு என்பர். இங்கு அம்மெய்ப்பாடு கதைமாந்தரிடத்து மட்டுமன்றி ஆடுவோரின் விரலிடத்தும் தோன்றுகின்றது.

கூடி வாழத் தொடங்கும்போது, கிருஷின் பொருள்களுக்கு அலமாரியில் இடம் காண வேண்டியுள்ளது. எதனை எடுத்துவைப்பது, எதனை ஒதுக்குவது என ஆடுவோர் தயங்குவர். பிரியும்போது அதே பொருள்களைப் பெட்டியில் இடுகின்றனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட வாழ்வின் பெரும்பகுதி கூறப்படவில்லை; கை அறிந்த பொருள்கள் அதனை நினைவூட்டுகின்றன.

ஆடுவோர் யாது செய்யினும் பிரிவு மாறுவதில்லை. ஆதலின் இது விளையாட்டே அன்று எனச் சிலர் கூறுவர். விளைவை மாற்றும் உரிமையே விளையாட்டு என்னும் வரையறை ‘பிரேம்டு’க்குப் பொருந்தும், எல்லாவற்றிற்கும் பொருந்தாது. படக்கதை படிப்போரும் முடிவை மாற்றுவதில்லை. அவர்தம் பங்கு இடைவெளியை நிரப்புதலேயாம். அப்பங்கினை விரலுக்கும் அளித்தது ‘புளோரன்சு’. எனினும் விரல் தவறுதற்கே இடமின்மையால், சில பகுதிகளில் தொடுதல் என்பது பக்கம் புரட்டுதலாகவே சுருங்கிவிடுகின்றது என்பதனையும் மறுத்தற்கில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. படக்கதையின் கோடும் வண்ணமும் குமிழும் விளையாட்டிற்கு அழகு தரலாம். அவற்றால் மட்டும் விளையாட்டு படக்கதை நெறியது ஆகாது. துணித்தலும் அடுத்து வைத்தலும் இடை விடுத்தலுமே அந்நெறி. ‘பிரேம்டு’ வரிசையாலும், ‘கொரொகோவா’ அணிமையாலும், ‘புளோரன்சு’ உணர்வாலும் அவ்விடைவெளியை ஆண்டுள்ளன. மூன்றும் சிறக்கும் இடங்களில் விரல் மனத்திற்கு ஏவல் செய்கின்றது. மூன்றும் தளரும் இடங்களில் விரல் மனத்தை வேண்டாது தனித்து இயங்குகின்றது.

இளையோர் பலர் இன்று கதையை முதன்முதலாகச் சந்திப்பது இச்சிறு திரையிலேதான். உரைக்காததனை உணரும் ஆற்றலே இலக்கியச் சுவைக்கு வாயில். அவ்வாற்றலை விளையாட்டு வளர்க்கவும் கூடும்; விரல் தொழிலால் மழுங்கச் செய்யவும் கூடும். எச்சமும் மாட்டும் பொருள்கோளும் பயின்ற நாம், இவ்விரண்டனையும் வேறுபிரித்துக் காட்டும் கடமையினின்றும் விலகுதல் ஆகாது. செய்யுளைக் கற்கப் பயன்பட்ட அளவுகோல், திரையில் நகரும் கட்டத்தையும் அளக்கவல்லது என்பதனை இச்சிறு ஆராய்ச்சி காட்டியிருப்பின் அமையும்.